தையில் தொடங்கும் வளவுத் தோட்டம்: எழுவான்கரை மணலில் முதல் பாத்தி

மார்கழிக் கடைசியில் எங்கள் வளவைப் பார்க்கிறவர்கள், இந்த மண்ணில் எதை நட்டாலும் வரும் என்று நினைப்பார்கள். கிணற்றில் தண்ணீர் கைக்கெட்டும் உயரத்தில் நிற்கும். வேலியோரம் முழங்கால் அளவு புல். கீழ்க்காய்நெல்லியும் குப்பைமேனியும் யாரும் கேட்காமலே முளைத்து நிற்கும். அதே ஆள் ஆனி மாதத்தில் வந்தால் வேறு வளவுக்குள் வந்துவிட்டோமோ என்று யோசிப்பார். வெள்ளை மணல் காலைச் சுடும். கச்சான் காற்று அடித்து வாழையிலை நார்நாராகத் தொங்கும். கிணற்றுக் கயிறு இன்னும் இரண்டு பாகம் கீழே இறங்கியிருக்கும்.

இந்த இரண்டு காட்சிகளுக்கும் நடுவே கிடைக்கிற ஐந்து மாதம்தான் புதிதாகத் தோட்டம் தொடங்குகிறவருக்கான காலம். மட்டக்களப்பின் மழையில் பெரும்பங்கு ஐப்பசியிலிருந்து தை வரைக்குள் கொட்டித் தீர்ந்துவிடும். தைப்பொங்கலோடு மழை தளரும், மண்ணில் ஈரம் இருக்கும், வெயில் இன்னும் ஏறியிருக்காது. குளிர்நாடுகளில் பனி உருகியதும் மண்ணைக் கிளறுவார்களே, எங்களுக்கு அந்தப் பருவம் தை. கனடாவிலும் லண்டனிலும் இருக்கிற சொந்தக்காரர் பங்குனி, சித்திரையில் நாற்றுப் படம் அனுப்புவார்கள். அதைப் பார்த்து ஆசைப்பட்டு இங்கேயும் சித்திரையில் தொடங்கினால், கன்று வேர் பிடிக்கும் முன்பே கச்சான் வந்துவிடும்.

நான் கல்லடிப் பக்கத்தில் இருக்கிறேன். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி, நடுவில் மணல். வாவிக்குக் கிழக்கே இருக்கும் இந்தக் கரையைத்தான் எழுவான்கரை என்கிறோம். ஆரையம்பதி, களுவாஞ்சிகுடி, வடக்கே வாழைச்சேனைக் கரையோரம் என்று இதே மாதிரி மணலில் இருக்கிறவர்களுக்காகத்தான் முக்கியமாக எழுதுகிறேன். வாவிக்கு மேற்கே இருக்கும் படுவான்கரைக்காரருக்கு எது மாறும் என்பதை அந்தந்த இடத்தில் சொல்கிறேன்.

தொடங்கின முதல் வருடம் நான் செய்தது எல்லாரும் செய்கிறதுதான். விதை வாங்கி, மணலைக் கிளறி, ஊன்றி, காலையும் மாலையும் வாளி வாளியாக ஊற்றினேன். வெண்டி ஒரு சாணுக்கு மேல் வளரவில்லை. பக்கத்து வளவு மாமி வேலிக்கு அந்தப் பக்கம் நின்று கொஞ்ச நாள் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னா: "புள்ள, நீ ஊத்துற தண்ணி செடிக்குப் போகல்ல, வாவிக்குப் போகுது. முதல் மண்ணுக்குச் சாப்பாட்டப் போடு. மறுகா கண்ட வைப்பம்."

இந்த வழிகாட்டி முழுவதும் அந்த ஒரு பேச்சின் விரிவுதான். தையில் செய்ய வேண்டிய வேலை நடுகை இல்லை. மணலைத் தண்ணீர் பிடிக்கிற மண்ணாக மாற்றுவதுதான் தை மாத வேலை.

இடம் பார்ப்பது

ஒரு நாள் முழுக்க வளவைப் பாருங்கள். காலை எட்டு மணிக்கு, பகல் பன்னிரண்டுக்கு, பின்னேரம் நாலுக்கு வெயில் எங்கே விழுகிறது என்று நாலு குச்சி நட்டு அடையாளம் வையுங்கள். கத்தரி, கொச்சிக்காய், வெண்டி மூன்றுக்கும் குறைந்தது ஆறு மணி நேர வெயில் வேண்டும். நிழல் விழும் இடத்தை வல்லாரைக்கும் பொன்னாங்காணிக்கும் இஞ்சிக்கும் விடலாம்.

தென்னை இல்லாத வளவு எங்கள் பக்கம் அரிது. வளர்ந்த தென்னையின் கீழே வெயில் புள்ளிபுள்ளியாக இறங்கும், அது பெரிய கெடுதல் இல்லை. அதன் வேர்தான் கவனிக்க வேண்டியது. மரத்தைச் சுற்றி ஆறடிக்குள் தென்னை வேர் பாய்போல் பின்னிக் கிடக்கும். அதற்குள் பாத்தி போட்டால் நீங்கள் போடும் எரு முழுவதையும் தென்னைதான் தின்னும். ஆறடி தள்ளிப் போடுங்கள். தேங்காய் விழுகிற இடமா என்றும் ஒருமுறை மேலே பாருங்கள், பிள்ளைகளும் அந்தப் பாத்தியில் குந்தியிருந்து புல் பிடுங்கப் போகிறார்கள்.

கிணற்றடிக்கு எவ்வளவு கிட்டவோ அவ்வளவு நல்லது. முப்பது அடிக்கு அப்பால் போட்ட பாத்திக்குப் பங்குனி வரைக்கும் தண்ணீர் சுமப்பீர்கள், சித்திரையில் கை ஓய்ந்துவிடும்.

கிணற்றைப் பற்றி இங்கேயே சொல்லிவிட வேண்டும். எழுவான்கரையில் எங்கள் கிணற்றுத் தண்ணீர் என்பது, மாரி மழை மணலுக்குள் இறங்கி, அடியில் இருக்கும் உப்புத் தண்ணீருக்கு மேல் மிதந்து நிற்கிற நன்னீர். நன்னீர் பாரம் குறைந்தது என்பதால் மேலே நிற்கிறது. மோட்டரைப் போட்டு ஒரேயடியாக உறிஞ்சினால் அடியில் இருக்கும் உவர் மேலே ஏறும். 2004 சுனாமியில் கடல் புகுந்த கரையோரக் கிணறுகளைக் கண்டவர்களுக்கு இது விளங்கும். இறைத்து இறைத்தும் உவர் போகாத கிணறுகளை அடுத்தடுத்த மாரி மழைதான் கழுவியது. ஆகவே மாதம் ஒருமுறை கிணற்றுத் தண்ணீரை ஒரு வாய் எடுத்துக் கொப்பளித்துப் பாருங்கள். உப்புக் கரிக்கத் தொடங்கினால் இறைப்பதைக் குறைத்து, காலையில் கொஞ்சம் மாலையில் கொஞ்சம் என்று பிரியுங்கள். கரிக்கிற தண்ணீரை இலையில் தெளிக்கவே வேண்டாம், இலைக்கரை கருகும். அடியில் மட்டும் ஊற்றுங்கள்.

வேலி

பாத்திக்கு முன் வேலி. கட்டாக்காலி மாடு ஒரு இராத்திரி உள்ளே வந்தால் மூன்று மாத வேலை போய்விடும். எங்கள் ஊர் வீதிகளில் படுத்துக் கிடக்கும் மாடுகளுக்கு எந்த வளவில் பச்சை இருக்கிறது என்று நன்றாகத் தெரியும். ஆடு வேலிப் பொட்டுக்குள்ளால் தலையை விடும். கோழி பாத்தியைக் கிண்டி விதையைத் தின்னும்.

கம்பிக்குக் காசு இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் கிளிசரியாக் கதியால் போதும். கைமணிக்கட்டு மொத்தத்தில், ஐந்தடி நீளத்தில் வெட்டி, அலவாங்கால் குழி குத்தி, ஒன்றரை அடி ஆழத்தில் நட்டு, அடிமண்ணை மிதித்து இறுக்குங்கள். நுனிப்பக்கத்தைத் தலைகீழாக நட்டுவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள், வெட்டும்போதே அடிப்பக்கத்தைச் சரிவாகச் சீவினால் குழப்பம் வராது. மண்ணில் ஈரம் இருக்கும் தை முதல் பாதிக்குள் நட்டால் மாசியில் துளிர்க்கும். கிளிசரியா வேலி என்றால் வேலியும் ஆயிற்று, பசளையும் ஆயிற்று. அதன் இலையில் தழைச்சத்து அதிகம், இரண்டு மூன்று கிழமைக்குள் மண்ணில் மக்கிவிடும்.

மேற்குப் பக்க வேலியோரம் அகத்தி விதையை இரண்டடிக்கு ஒன்றாக இப்போதே ஊன்றிவிடுங்கள். கச்சான் அந்தப் பக்கமிருந்துதான் வரும். ஆனிக்குள் அகத்தி ஆள் உயரம் வந்து காற்றின் முகத்தை உடைக்கும். கீரையும் கிடைக்கும்.

படுவான்கரையில், வெல்லாவெளி, கரடியனாறு, உன்னிச்சைப் பக்கம் யானை நடமாட்டம் உள்ள ஊரென்றால் வாழையை வீட்டுச் சுவரோடு ஒட்டி வைக்காதீர்கள். வாழைக்கு வருகிற யானை வாழையோடு நின்றுவிடாது.

எரு

வாங்கும் பொருள்களில் ஏமாறக்கூடியது இதுதான், அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

2021இல் இரசாயன உர இறக்குமதியை அரசாங்கம் நிறுத்தியபோது மாட்டெருவுக்கு அடிபிடி. நானும் ஒரு லாண்ட்மாஸ்டர் பெட்டி நிறைய வாங்கினேன். மக்கிய எரு என்று சொல்லித்தான் இறக்கினார்கள். மேலே காய்ந்து கறுப்பாகத்தான் இருந்தது. பாத்தியில் கலந்து கத்தரிக் கன்று நட்டேன். நான்காம் நாள் காலை நாற்பது கன்றும் வெந்நீர் ஊற்றினது போல் தலை சாய்ந்து நின்றன. ஒன்றைப் பிடுங்கிப் பார்த்தேன், வேர் நுனி எல்லாம் பழுப்பாக வெந்திருந்தது. எருக் கட்டியை உடைத்தால் உள்ளே பச்சை. கையை வைக்க முடியாத சூடு. மக்கத் தொடங்கிய எரு அப்படித்தான் கொதிக்கும். அந்த நாற்றை நான் இருபத்தெட்டு நாள் பார்த்துப் பார்த்து வளர்த்திருந்தேன்.

அன்றிலிருந்து எரு வாங்கப் போனால் குவியலின் மேலே பார்ப்பதில்லை. கையை உள்ளே விட்டு ஒரு பிடி எடுப்பேன். சூடு இருக்கக் கூடாது. இறுக்கிப் பிடித்து விரித்தால் உதிர வேண்டும், உள்ளங்கையில் ஒட்டக் கூடாது. மணந்து பார்த்தால் மழை பெய்த மண்ணின் வாசம் வர வேண்டும். மூக்கைக் குத்தினால் வேண்டாம். வேறு வழியில்லாமல் பச்சை எருதான் கிடைத்தால், வளவின் ஒரு மூலையில் குவித்து, கிடுகால் மூடி, இரண்டு மாதம் விடுங்கள். கோழியெரு இன்னும் சூடு கூடியது, அதைக் கன்று வேர் பிடித்த பிறகு தள்ளித்தான் போட வேண்டும். ஆட்டுப் புழுக்கை மணலுக்கு அருமையானது, மெதுவாகக் கரையும்.

எருக் குவியலுக்குள் விரல் மொத்தத்தில் வளைந்த வெள்ளைப் புழு கிடந்தால் பொறுக்கிக் கோழிக்குப் போடுங்கள். தென்னங்குருத்தைத் துளைக்கும் காண்டாமிருக வண்டு எருக் குவியலிலும் முட்டையிடும்.

அடுப்புச் சாம்பலைப் பலர் அள்ளிக் கொட்டுவார்கள். எங்கள் கடற்கரை மணலில் சிப்பித் தூள் கலந்திருக்கும், சுண்ணாம்புக் குணம் ஏற்கெனவே இருக்கிறது. சாம்பல் ஒரு பாத்திக்கு ஒரு சிரட்டைக்கு மேல் தேவையில்லை.

சொந்தமாகக் கூட்டெரு செய்வதையும் இன்றைக்கே தொடங்கலாம், ஆனால் அது இந்தப் போகத்துக்குக் கிடைக்காது. மாரியில் வளர்ந்த புல்லை விதை வைக்கும் முன் செதுக்கி, காய்ந்த சருகு, வைக்கோல், கொஞ்சம் எரு என்று மாற்றி மாற்றி அடுக்கி நாலடி உயரத்துக்குக் குவியுங்கள். வாவியோரத்தில் இருக்கிறவர்கள் தண்ணீரில் மிதக்கும் ஆற்றுவாழைக் களையை அள்ளி வந்து ஒரு நாள் வெயிலில் வாடவிட்டுச் சேர்க்கலாம், சீக்கிரம் மக்கும். மூன்று கிழமைக்கு ஒருமுறை புரட்டிப் போட்டால் மூன்று மாதத்தில் தயார்.

பாத்தி வெட்டுதல்

இரண்டு பாத்தி போதும். முதல் வருடம் அதற்கு மேல் வேண்டாம். மூன்றடி அகலம், பத்தடி நீளம். மூன்றடிக்கு மேல் போனால் நடுவில் கை எட்டாது, உள்ளே காலை வைத்து மிதிக்க வேண்டி வரும்.

இணையத்தில் பார்க்கிற மேட்டுப் பாத்தி எங்கள் மணலுக்குத் தையில் பொருந்தாது. மேடு என்றால் தண்ணீர் வடியும். மணலே வடிக்கிறது, மேடும் சேர்ந்து வடித்தால் செடிக்கு என்ன மிஞ்சும்? மேட்டுப் பாத்தி ஐப்பசி மாரிக்கு. தையில் போடுவது பள்ளப் பாத்தி.

மழை விட்டு மூன்று நாலு நாள் கழித்து மண்வெட்டியை எடுங்கள். மேல் அரை அடி மண் கொஞ்சம் கறுப்பாக இருக்கும், அதை வெட்டி வலப்பக்கம் போடுங்கள். அதற்குக் கீழே ஒரு அடி வெளிறிய மணல். அதை இடப்பக்கம். இரண்டையும் கலந்துவிடாதீர்கள். அந்தக் கறுப்பு மண் பல வருடச் சருகு மக்கி வந்தது.

இப்போது ஒன்றரை அடிப் பள்ளம் இருக்கும். அடியில் பொச்சு மட்டையை அடுக்குங்கள், குழிந்த பக்கம் மேலே பார்க்க வேண்டும். ஒவ்வொரு மட்டையும் ஒரு சின்னக் கிண்ணம். மழைக்குள் கிடந்து ஊறிய பழைய மட்டையாக இருந்தால் இன்னும் நல்லது. ஒரு பாத்திக்கு முப்பது நாற்பது தேங்காயின் மட்டை போகும். தென்னைக்குக் குழி வெட்டி மட்டை தாழ்ப்பதை எங்கள் ஆக்கள் எத்தனையோ காலமாகச் செய்கிறார்கள், அதையேதான் மரக்கறிப் பாத்திக்குக் கொண்டு வருகிறோம். ஊறிய மட்டையை ஒன்று கையில் எடுத்துப் பிழிந்து பாருங்கள், பாத்திரம் கழுவும் பஞ்சிலிருந்து வடிவது போல் தண்ணீர் வடியும். சித்திரையில் மேல்மண் காய்ந்தாலும் வேர் கீழே போய் அந்தத் தண்ணீரைக் குடிக்கும்.

மட்டைக்கு மேல் கிளிசரியா இலையைக் குச்சி நீக்கி ஒரு சாண் மொத்தத்துக்குப் பரப்பி, காலால் அமுக்குங்கள். அதற்கு மேல் இடப்பக்க மணல், அதோடு இரண்டு பை எரு கலந்து. கடைசியாக வலப்பக்கக் கறுப்பு மண், இன்னும் இரண்டு பை எரு கலந்து. ஐம்பது கிலோ அரிசிப் பையின் அளவைச் சொல்கிறேன். படுவான்கரையில் வயல் உள்ள சொந்தக்காரர் இருந்தால் இரண்டு பை வயல்மண் கேட்டு வாங்கி மேல் மண்ணோடு சேருங்கள். மணலுக்குக் கொஞ்சம் களி சேர்ந்தால் எருவின் சத்து தண்ணீரோடு ஓடிவிடாமல் தங்கும்.

எல்லாம் முடிந்த பிறகு பாத்தியின் மேல்மட்டம் சுற்று நிலத்தை விட இரண்டு விரல் தாழ்வாக இருக்கட்டும். வெட்டியதில் மிஞ்சும் மணலைச் சுற்றி வரம்பாக அணைத்துவிடுங்கள். இலை மக்க மக்க மண் இன்னும் கொஞ்சம் இறங்கும்.

தண்ணீர் தெளித்து, பத்துப் பதினைந்து நாள் சும்மா விடுங்கள். பிறகு ஒரு வாளித் தண்ணீர் ஊற்றி, அடுத்த நாள் காலை சுட்டுவிரலை இரண்டு கணு ஆழத்துக்கு விட்டுப் பாருங்கள். விரல் நுனியில் ஈரமும் மண் துகளும் ஒட்டி வந்தால் பாத்தி தயார். காய்ந்த மணலாகக் கொட்டினால் இன்னும் ஒரு பை எரு.

படுவான்கரையின் இறுகிய மண்ணில் வேலை நேர்மாறு. அங்கே தண்ணீர் தேங்குவதுதான் சிக்கல், காய்ந்தால் மண்வெட்டி துள்ளும். ஒரு பிடி மண்ணை உருட்டி இடுப்பளவு உயரத்திலிருந்து போடுங்கள். உடைந்து சிதறினால் வெட்டலாம், சப்பையாக ஒட்டினால் இரண்டு நாள் பொறுங்கள். பாத்தியை அரை அடி உயர்த்தி, உமிக்கரியும் எருவும் கலந்தால் போதும். மட்டை தாழ்க்கத் தேவையில்லை.

நாற்று

பாத்தி ஆறிக்கொண்டிருக்கும் நாட்களில் நாற்று வளர வேண்டும். பொங்கல் கிழமையில் விதை போட்டால் மாசி முதல் கிழமை கடந்ததும் நடலாம்.

கத்தரி, கொச்சிக்காய், தக்காளி மூன்றும் நாற்று போட்டு நடுகிறவை. வெண்டி, பயிற்றங்காய், புடோல், பாகல், கீரை எல்லாம் நேரே ஊன்றுகிறவை, அவற்றைப் பிடுங்கி நட்டால் வேர் குழம்பும்.

நாற்றுமேடைக்கு மூன்றடிச் சதுரம் போதும். மண்ணைப் பொடியாக்கி, அதன் மேல் வைக்கோலும் உமியும் மாறி மாறிப் பரப்பிக் கொளுத்துங்கள். மண்ணில் இருக்கும் பூஞ்சணமும் களை விதையும் போகும். இதைச் செய்யாவிட்டால் முளைத்த நாற்று ஒரு காலையில் அடி அழுகிச் சரிந்து கிடக்கும், அதற்குப் பிறகு செய்ய ஒன்றுமில்லை. நன்றாக ஆறிய பிறகு சாம்பலைக் கொஞ்சம் வழித்துவிட்டு, நாலு விரல் இடைவெளியில் கோடு கீறி, ஒரு சென்ரிமீற்றர் ஆழத்தில் விதையைத் தூவி மூடுங்கள். மேலே வைக்கோல். பூவாளியால் தண்ணீர். முளை வெளியே தெரிந்த அன்றைக்கே வைக்கோலை எடுத்துவிட வேண்டும். ஒரு நாள் பிந்தினாலும் நாற்று வெளிறி நீண்டுவிடும். கத்தரி ஒரு கிழமைக்குள் முளைக்கும், கொச்சிக்காய் பத்து நாள் வரை எடுக்கும். பொறுத்திருங்கள், கிண்டிப் பார்க்காதீர்கள்.

விதையைக் கமநல சேவை நிலையத்திலோ விவசாயத் திணைக்களத்தின் விற்பனை நிலையத்திலோ கேளுங்கள். கத்தரியில் திண்ணவேலி ஊதா, பாகலில் திண்ணவேலி வெள்ளை, வெண்டியில் ஹரித, கொச்சிக்காயில் எம்.ஐ.-2, தக்காளியில் திலின, புடோலில் டி.ஏ.-2 இவையெல்லாம் திணைக்களம் வெளியிட்ட இனங்கள். எம்.ஐ. என்பது மகா இலுப்பள்ளம ஆராய்ச்சி நிலையத்தைக் குறிக்கும் எழுத்து. இவை கலப்பின விதையில்லை என்பதால் காயிலிருந்து விதையெடுத்து அடுத்த போகத்துக்கு வைக்கலாம். சந்தேகம் வந்தால் திணைக்களத்தின் 1920 இலக்கத்துக்கு அழைத்துக் கேட்கலாம். உங்கள் பிரிவின் விவசாயப் போதனாசிரியரை ஒருமுறை நேரில் கண்டு பேசி வையுங்கள், நோயுள்ள இலையைக் கையில் கொண்டுபோய்க் காட்ட ஓர் ஆள் இருப்பது பெரிய பலம்.

நாற்றுக்கு நாலைந்து இலை வந்ததும், இருபத்தைந்து முப்பது நாளில், பின்னேரத்தில் நடுங்கள். நடுவதற்கு முதல் கிழமை தண்ணீரைக் கொஞ்சம் குறைத்தால் நாற்று இறுகும். கொச்சிக்காய்க்கு வரிசைக்கு வரிசை இரண்டடி, கன்றுக்குக் கன்று ஒன்றரை அடி. கத்தரிக்கு மூன்றடிக்கு இரண்டடி. கன்று சின்னதாக இருக்கும்போது இந்த இடைவெளி வீண் என்று தோன்றும், நெருக்கி நட மனம் சொல்லும். நெருக்க வேண்டாம். இடையில் முளைக்கீரை தூவுங்கள், கத்தரி விரியும் முன் இருபத்தைந்து முப்பது நாளில் கீரையைப் பிடுங்கிவிடலாம்.

நட்ட கன்றுக்கு மூன்று நாள் நிழல் வேண்டும். வாழை மடலை ஒரு சாண் துண்டாக வெட்டி, மேற்குப் பக்கம் சரித்துக் குத்திவிடுங்கள். எங்கள் வளவில் மாசி மாதத்தில் பார்த்தால் வரிசையாகச் சின்னச் சின்னக் கூடாரம் அடித்தது போல் இருக்கும்.

வெண்டியையும் பயிற்றையையும் மாசி பிறந்ததும் ஊன்றுங்கள். ஒரு குழிக்கு இரண்டு மூன்று விதை, முளைத்த பிறகு நல்லதை விட்டு மற்றதைக் கிள்ளிவிடுங்கள். வெண்டி ஐம்பது நாளில் காய்க்கும், சித்திரை வருடப்பிறப்புக் கறிக்குச் சொந்த வெண்டிக்காய் இருக்கும். பாகலும் புடோலும் கொடி என்பதால் பந்தல் கேட்கும். முதல் வருடம் ஏதாவது ஒன்றே ஒன்று, அதுவும் வேலியோரம்.

கறிவேப்பிலை, முருங்கை, பப்பாசி, தேசி இவற்றுக்குப் பாத்தி வேண்டாம். முருங்கைத் தடியைக் காற்றில் முறிந்து விழுந்தாலும் கூரையில் விழாத இடத்தில் நடுங்கள். வாழையைக் கிணற்றடியில் குளிக்கிற தண்ணீர் ஓடும் வாய்க்காலோரம் வையுங்கள். பாத்திரம் கழுவும் தண்ணீரும் அதற்கே போகட்டும்.

தண்ணீரும் மூடாக்கும்

மணலுக்கு ஒரேயடியாக ஊற்றுவதால் பயனில்லை. கொஞ்சமாக, தினமும், காலை வெயிலுக்கு முன். பங்குனியிலிருந்து மாலையிலும். படுவான்கரை மண்ணுக்கு மூன்று நாலு நாளுக்கு ஒருமுறை நிறைய ஊற்றினால் போதும்.

மாசி, பங்குனியில் பெரும்போக அறுவடை முடிந்து வயல்வெளியில் வைக்கோல் குவிந்து கிடக்கும். அந்த நேரத்தில் இரண்டு மூன்று கட்டு வாங்கி வைத்துவிடுங்கள். பாத்தியில் நாலு விரல் மொத்தத்துக்குப் பரப்பி, தண்டைச் சுற்றி மட்டும் ஒரு விரல் இடம் விடுங்கள், தண்டோடு ஒட்டினால் அழுகும். மூடாக்கு போட்ட பாத்தியையும் போடாத பாத்தியையும் பகல் ஒரு மணிக்குக் கையால் தொட்டுப் பாருங்கள். ஒன்று குளிர்ந்திருக்கும், மற்றதில் கை வைக்க முடியாது. அதன் பிறகு மூடாக்கைப் பற்றி யாரும் உங்களுக்குச் சொல்லித்தரத் தேவையில்லை.

தண்ணீர் சேர்த்து வைக்கும் வாளி, பீப்பாய் எல்லாவற்றையும் மூடி வையுங்கள், வெறுமையானதைக் கவிழ்த்து வையுங்கள். மாரிக்குப் பிறகு எங்கள் மாவட்டத்தில் டெங்கு வராத வருடம் இல்லை. தோட்டம் வைத்த வீட்டில் நுளம்பு வளரக் கூடாது.

பூச்சி

தையில் முதலில் வருவது நத்தை. பெரிய ஆபிரிக்க நத்தை ஒரு இராத்திரியில் நாற்றுமேடையை வழித்துவிடும். பப்பாசி இலையையும் வெள்ளரித் தோலையும் ஈரச் சாக்குக்குக் கீழே வைத்து, இரவு எட்டு மணிக்கு ரோர்ச் அடித்துப் பொறுக்கி உப்புத் தண்ணீர் வாளியில் போடுங்கள். வெறுங்கையால் தொடாதீர்கள், நத்தையில் மனிதருக்கு ஆகாத ஒட்டுண்ணி இருக்கும். ஒரு பொலித்தீன் பையைக் கையில் மாட்டிக்கொண்டால் போதும்.

பங்குனி வெயிலோடு கொச்சிக்காய் இலை சுருளத் தொடங்கும். இலையைத் திருப்பிப் பார்த்தால் வெண் ஈயோ, கண்ணுக்கு அரிதாகத் தெரிகிற பனிப்பூச்சியோ இருக்கும். வேப்பம் விதைச் சாறு தெளியுங்கள். இடித்த விதைப்பருப்பு ஐம்பது கிராமுக்கு ஒரு லீற்றர் தண்ணீர், ஓர் இரவு ஊறவிட்டு, துணியால் வடித்து, சவர்க்காரக் கரைசல் கொஞ்சம் சேர்த்து, பின்னேரத்தில் இலையின் அடிப்பக்கம் படும்படி. கிழமைக்கு ஒருமுறை. நோய் முற்றிச் சுருண்டு குறுகிப்போன செடியைப் பாவம் பார்க்காமல் பிடுங்கி எரித்துவிடுங்கள், அது மற்றவற்றுக்கும் கொடுக்கும்.

பாகலுக்கும் புடோலுக்கும் பழ ஈ. பிஞ்சு விரல் அளவாக இருக்கும்போதே பழைய பத்திரிகைத் தாளால் சுற்றிக் கட்டுங்கள். விழுந்த காயை அப்படியே விடாதீர்கள், உள்ளே இருக்கும் புழு மண்ணுக்குள் போய் அடுத்த ஈயாக வரும்.

வைகாசிக்கு முன்

சித்திரைக் கடைசியில் கத்தரி காய்க்கத் தொடங்கும். வைகாசியில் கண்ணகி அம்மன் கோயில்களில் கதவு திறந்து சடங்கு நடந்து குளிர்த்தி பாடும் நாட்களில் வெயில் உச்சத்தில் இருக்கும். அதற்குள் மூன்று வேலை முடிந்திருக்க வேண்டும். மூடாக்கை இன்னொரு முறை தடிப்பாகப் போடுவது, ஒவ்வொரு கத்தரி அடியிலும் ஒரு சிரட்டை மக்கிய எரு வைப்பது, மேற்குப் பக்கம் அகத்தி வளரப் பிந்தியிருந்தால் கிடுகு கட்டி மறைப்பது. காற்றில் சாயும் கத்தரிக்கும் கொச்சிக்காய்க்கும் ஒவ்வொரு தடி ஊன்றி, வாழை நாரால் தளர்த்திக் கட்டுங்கள்.

கச்சான் தொடங்கியதும் புதிதாக எதையும் நடாதீர்கள். இருப்பதைக் காப்பாற்றினால் போதும். கத்தரி ஆடி வரை தாக்குப்பிடிக்கும். வெண்டி முடிந்த இடத்தில் வைக்கோலைப் பரப்பி மண்ணை மூடி விடுங்கள், ஆவணியில் உங்கள் கூட்டெருவை அதில் கொட்டி மாரிக்கு மேட்டுப் பாத்தி போடலாம்.

விதைக்கு விடும் காயை முன்னமே தெரிவு செய்து வையுங்கள். இரண்டாம் மூன்றாம் பறிப்பில், நோயில்லாத செடியில், நல்ல உருவான வெண்டிக்காய் இரண்டு, கத்தரிக்காய் ஒன்று. காம்பில் சிவப்பு நூல் கட்டிவிடுங்கள். வீட்டில் யார் கறிக்குக் காய் பறிக்கப் போனாலும் அந்த நூலைக் கண்டால் கையை எடுக்க வேண்டும் என்று பிள்ளைகளுக்கும் சொல்லி வையுங்கள். வெண்டி செடியிலேயே காய்ந்து வெடிக்கத் தொடங்கும்போது எடுங்கள். கத்தரி மஞ்சளாகி மெத்தென்று ஆனதும் அறுத்து, தண்ணீரில் பிசைந்து, அடியில் தங்கும் விதையை மட்டும் எடுத்து நிழலில் உலர்த்துங்கள். ஆறின சாம்பலோடு கலந்து, காற்றுப் புகாத போத்தலில் இட்டு, இனத்தின் பெயரையும் மாதத்தையும் துண்டில் எழுதி உள்ளே போட்டுவிடுங்கள்.